நாடாக் கறுப்பு

சேலை கட்டுகிற பெண்களின் இடுப்பில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். உள்பாவாடையின் நாடா நாள்தோறும் இறுகி உரசி, தோல் தடித்துப் பதிந்த நிறம் அது. பேச்சியம்மாவின் இடுப்பில் இருந்தது. அவளுடைய தாயின் இடுப்பிலும் இருந்தது. குளத்தில் குளிக்கும்போது ஒருத்தியினுடையதை மற்றவள் கண்டிருப்பாள். நாடாக் கறுப்பு என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. ஆனால் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? காலில் செருப்பு வார் பதிந்த அடையாளத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

தர்மிளாவின் இடுப்பில் அது விழத் தொடங்கியது அவள் முன்பள்ளி ஆசிரியை ஆன பிறகுதான். ஆலடிக்குளம் முன்பள்ளிக்கு ரீச்சர்மார் சேலையில்தான் வர வேண்டும். முதல் நாள் காலை, அடுப்பில் இருந்த புட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து பேச்சியம்மாதான் மகளுக்குக் கட்டிவிட்டாள்.

"நல்லா இறுக்கு புள்ள. சின்னதுகள் பிடிச்சு இழுக்குங்கள். எல்லாற்ற முன்னாலயும் சீலை அவுந்து நிண்டா உன்னை ஆர் ரீச்சர் எண்டு மதிக்கிறது?"

தர்மிளா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சோறு தின்னவும் கொஞ்சம் இடம் விடுங்கோ அம்மா" என்றாள்.

இரண்டு வருடம் அந்த நாடா இறுகியது. பிறகு ஒரு மாசி மாதம், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்காகப் பள்ளிக்குப் பின்னால் இருந்த பற்றையைத் தாய்மாரோடு சேர்ந்து வெட்டித் துப்புரவாக்கினாள். ஒன்றரைக் கிழமை கழித்துக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் டெங்கு என்று நினைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். சேலைன் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஒருவர், மீசை சரியாக அரும்பாத முகம், கையில் சின்ன டோர்ச்சோடு வந்து தர்மிளாவின் கை, கால், கழுத்து, காதுக்குப் பின்பக்கம் எல்லாம் தேடினார். "உடம்பில எங்கயும் கடிச்ச புண், சிவப்பு, ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டார். பொறுமையான பிள்ளை. இடுப்பில் சட்டையைச் சற்று விலக்கியபோது வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது.

"இது என்னம்மா?"

"அது நாடாக் கறுப்பு தம்பி. சீலை கட்டுற எங்கள் எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

டோர்ச் அணைந்தது. ஒரு குமர்ப் பெண்ணின் இடுப்பை அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கும் கூச்சம். "சரி அம்மா" என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சில நாட்கள் கழித்துத்தான் பெரிய டொக்டர் சுமித்திரா வந்து பார்த்தார். அவர் டோர்ச்சைக் கேட்கவில்லை. பாவாடை நாடாவை அவிழ்த்து, அந்தக் கறுப்பு வளையத்தின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் தட்டி நின்றது. புளியங்கொட்டையளவு காய்ந்த பொருக்கு. கறுப்புக்குள் கறுப்பு. டொக்டரின் முகம் மாறியதைப் பேச்சியம்மா கண்டாள். உடனே மருந்து கொடுக்கச் சொல்லித் தாதியை ஓடவைத்தார். பிறகுதான் போனை எடுத்து, "அம்மா, இதை ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் பேச்சியம்மா தலையாட்டியிருப்பாள்.

உண்ணிக் காய்ச்சல். பற்றைக்குள் இருக்கிற, கண்ணுக்குப் பிடிபடாத ஓர் உண்ணி கடித்த இடம்தான் அந்தப் பொருக்கு. நேரத்தோடு கண்டால் சாதாரணக் குளிசையில் மாறிவிடும். தர்மிளாவுக்கு நேரம் கடந்திருந்தது. அடுத்த நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

செத்த வீட்டில் பேச்சியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தியது ஊர் முழுவதற்கும் கேட்டது. "நான்தானே சொன்னனான்! என்ர வாயாலதானே சொன்னனான்!" அந்தப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தர்மிளாவின் முதல் வருட ஆட்டைத்திவசம் முடிந்து சில நாட்களில் டொக்டர் சுமித்திரா வீடு தேடி வந்தார். தர்மிளாவின் தம்பி ஜனார்த்தனன் முற்றத்தில் லான்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையெல்லாம் கிறீசோடு குந்தியிருந்தான். தகப்பன் சுடலைமுத்து சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து செத்துப்போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. அவனை வளர்த்ததில் பாதி அக்காதான். டொக்டரைக் கண்டும் அவன் எழும்பவில்லை. பேச்சியம்மா கதிரை எடுத்துப் போட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். டொக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற பாடத்தை மாத்தி எழுதுறம் அம்மா. டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையள். தோல் வருத்தங்களைப் பற்றின பாடம். எங்கட புத்தகங்களில இருக்கிற படமெல்லாம் வெள்ளைக்காரற்ற தோல். அந்தத் தோலில ஒரு கடி எண்டா சுத்திவரச் சிவப்பா, தூரத்தில நிண்டே தெரியும். எங்கட தோலில அந்தச் சிவப்பு வராது. தர்மிளாவைப் பார்த்த அந்தத் தம்பியும் சிவப்பைத்தான் தேடினவர்."

"ஓம்," என்றாள் பேச்சியம்மா. "கேட்டவர். சிவப்பு இருக்கோ எண்டு."

"எங்கட ஆக்களின்ர தோலில எடுத்த படங்கள் வேணும். தர்மிளாவின்ர படம் என்ர போனில இருக்கு. உங்களைக் கேக்காமல் நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை. முகம் வராது, பேர் வராது. இன்னார் எண்டு காட்டிக்குடுக்கிற ஒண்டும் வராது. இடுப்பு மட்டும்தான்."

முற்றத்தில் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இடுப்பு மட்டும்," என்றான் ஜனார்த்தனன். சிரித்தான். "நூறு பொடியள் வரிசையா இருந்து என்ர அக்காவின்ர இடுப்பைப் பாப்பினம். அப்பிடித்தானே?"

"அதுகள் படிக்க வாற பிள்ளையள் தம்பி..."

"டொக்டருக்கு எந்த ஊர்?"

"உருத்திரபுரம்."

"அங்க வாய்க்கால் இருக்கு, பற்றை இருக்கு, சீலை கட்டுற பொம்பிளையளும் இருக்கினம். அங்க ஒரு இடுப்பும் கிடைக்கேல்லையோ? மலைநாட்டு ஆக்களின்ர எண்டாத்தான் படம் பிடிச்சுச் சுவரில போடலாமோ?"

"ஜனா! வாயை மூடு."

அவன் மூடினான். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது. அவர்கள் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து, இந்தக் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறி நாற்பது வருடத்துக்கு மேலாகியும், பள்ளிக்கூடத்தில் அவனைத் 'தோட்டக்காட்டான்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை அப்படிச் சொன்னவனின் காதைப் பிடித்துத் திருகிவிட்டு வந்தவள் தர்மிளா.

தேத்தண்ணியின் மேல் ஆடை படிந்தது. வெளியே யாரோ மாட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் வாய்க்கால் பக்கமாகத் தேய்ந்து முடிந்தது.

"தம்பி கேட்டதில பிழை இல்லை," என்றார் டொக்டர் கடைசியில். எழும்பினார். "வேண்டாமெண்டா வேண்டாம் அம்மா. நான் அந்தப் படத்தை அழிச்சு விடுறன்."

அழிச்சு விடுறன். அந்தச் சொல் கதிரையில் இருந்து எழும்பிப் போகவில்லை. மாலையில் பேச்சியம்மா கதிரையை உள்ளே எடுத்து வைத்தபோதும் அது இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. வழக்கமாகவே பேசுகிறவள் இல்லை என்பதால் ஜனார்த்தனனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிணற்றடியில் குளிக்கும்போது மட்டும் பாவாடையைச் சற்று இறக்கித் தன் இடுப்பைக் குனிந்து பார்ப்பாள். விரலை வைத்து ஓட்டிப் பார்ப்பாள். வழுவழுப்பாக ஓடும். எதிலும் தட்டாது. இதை அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் செய்திருந்தால்? ஒரே ஒருமுறை விரலை ஓட்டியிருந்தால்?

பொடியன்கள் பார்ப்பார்களே என்பது அவளுடைய பயம் இல்லை. அது மகனின் பயம். அவளுடையது வேறு. படித்த பிள்ளைகள் அந்தப் படத்தைக் கண்ட உடனே, இது தெரியவில்லையா, இது என்ன தாய் என்று சொல்லிவிட்டால்? அப்படிச் சொல்லக்கூடிய அளவுக்கு அது வெளிச்சமாகத் தெரிகிற ஒன்றாக இருந்துவிட்டால்? அன்றைக்கு அவள் அந்தப் புண்ணைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல்தான் பதில் சொன்னாள். இத்தனை நாளும் அவள் சுமப்பது தான் காணாத ஒன்றை. அது அழிந்துபோனால், எவ்வளவு பெரிய பிழை என்று தெரியாமலே சாக வேண்டியதுதான்.

ஒரு விடியற்காலை, மகனின் போனை வாங்கி டொக்டருக்கு எடுத்தாள்.

"அழிச்சுப்போட்டியளோ?"

"இல்லை அம்மா. மனம் வரேல்லை."

"பிள்ளையளுக்குக் காட்டேக்க நானும் அதில இருந்து பாக்கோணும். பிறகுதான் சொல்லுவன், வைச்சிருக்கிறதோ அழிக்கிறதோ எண்டு. இடையில நான் கை உயர்த்தினா உடன எடுத்திடோணும்."

"சரி அம்மா," என்றார் டொக்டர். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜனார்த்தனன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. போகிற நாள் காலையில் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "தனியப் போய் வழி தெரியாமல் நிண்டு, பிறகு என்னட்டத்தான் போன் வரும்," என்றான். பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஆனையிறவில் உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பளையில் ஒரு கிழவி பனங்கிழங்குக் கட்டோடு ஏறி, இடம் போதாமல் பேச்சியம்மாவின் மடியில் பாதிக் கட்டை வைத்தாள். "பிடியுங்கோ பிள்ளை, இறங்கேக்க வாங்குறன்." பேச்சியம்மா பிடித்துக்கொண்டாள். மடியில் ஒரு பாரம் இருந்தது நல்லதாகத்தான் இருந்தது.

மருத்துவ பீடத்து விரிவுரை மண்டபம் குளிராக இருந்தது. பேச்சியம்மா கடைசி வரிசையில் ஓரமாக இருந்தாள். ஜனார்த்தனன் உள்ளே வர மாட்டேன் என்று வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் கதைத்துக்கொண்டு வந்து நிரம்பினார்கள். வயது தர்மிளாவின் வயதுதான். ஒருத்தி திரும்பிப் பார்த்து, இவள் யாரோ துப்புரவுக்கு வந்த பெண் என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டொக்டர் சுமித்திரா அன்றைக்குத் தமிழிலேயே பேசினார். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

முதலில் ஒரு வெள்ளைக்காரனின் முதுகு வந்தது. ரோஜா நிறத் தோலில், குங்குமம் குழைத்துப் பூசியது போன்ற சிவப்பு வட்டம். அதன் நடுவில் கறுப்புப் பொருக்கு. குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும்.

"உண்ணிக் காய்ச்சல், மேடம்!" நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"கெட்டிக்காரர்," என்றார் டொக்டர்.

"மேடம், இது சோதினைக்கு வருமோ?" என்று ஒரு பொடியன் கேட்டான். மண்டபம் சிரித்தது.

"வரும். சோதினைக்கு முதல் வார்ட்டுக்கு வரும்."

படம் மாறியது. இப்போது திரையில் இரண்டு பெண்களின் இடுப்பு, பக்கத்துப் பக்கமாக. இரண்டும் ஒரே நிறம். இரண்டிலும் நாடாக் கறுப்பு.

வலப்பக்கம் இருப்பது தர்மிளா என்று பேச்சியம்மாவுக்கு உடனே தெரிந்தது. புண்ணால் அல்ல. வளையத்துக்கு மேலே, ஒரு விரல் தள்ளி, கடுகளவில் ஒரு மச்சம். கைக்குழந்தையாகக் கிடத்தி எண்ணெய் பூசிய நாளில், அழுக்கு என்று நினைத்துத் துணியால் தேய்த்துப் பார்த்த மச்சம். புண் எங்கே? அவள் தேடினாள். அந்தப் பெரிய திரையில், தன் மகளின் உடம்பில், அது இருக்கிறது என்று தெரிந்திருந்தும் தேடினாள். கிடைக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் காய்ச்சல் எண்டு வையுங்கோ," என்றார் டொக்டர். "ஆரை வார்ட்டில வைச்சிருப்பியள், ஆரை வீட்டை அனுப்புவியள்?"

சலசலப்பு. முன்பு திரும்பிப் பார்த்துச் சிரித்த பெண் கையை உயர்த்தினாள்.

"ரெண்டு பேரிலயும் ஒண்டும் இல்லை மேடம். அது பாவாடை நாடா இறுகின அடையாளம். என்ர அம்மாக்கும் இருக்கு. சீலை கட்டுற எல்லாருக்கும் இருக்கிறதுதானே."

பேச்சியம்மாவின் விரல்கள் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. அது அவளுடைய வசனம். ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அவளுடையது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளையின் வாயில் இருந்து வந்தது.

"இல்லை மேடம், இடப்பக்கம் கொஞ்சம் கூடக் கறுப்பாக் கிடக்கு. அந்த ஆளுக்குத்தான் வருத்தம்," என்றான் வேறொருவன். ஓம் ஓம் என்று பலர் சேர்ந்துகொண்டார்கள். வலப்பக்கத்தை ஒருவரும் சொல்லவில்லை.

ஆறுதல் வரும் என்று பேச்சியம்மா நினைத்திருந்தாள். இப்படி ஒன்று நடந்தால் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கும் என்று நினைத்திருந்தாள். கல் இறங்கத்தான் செய்தது. இறங்கிய இடத்தில் ஒன்றும் இல்லை. தன்னுடைய பிழை என்று இருந்தவரைக்கும், அந்தப் பிழை நடக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு நாள் எங்கேயோ இருந்தது. அந்த நாளில் அவள் வேறு பதில் சொன்னாள், அந்தத் தம்பி விரலை ஓட்டிப் பார்த்தார், தர்மிளா சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ஒவ்வொரு இரவும் அவள் போய்வந்த நாள் அது. இப்போது அங்கே போக வழி இல்லை. இத்தனை பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும் டோர்ச் அணைந்துதான் இருக்கும்.

"இடப்பக்கம் இருக்கிறது நான்," என்றார் டொக்டர்.

வாசலில் சாய்ந்து நின்ற ஜனார்த்தனன் நிமிர்ந்தான்.

"உருத்திரபுரத்து இடுப்பு," என்றார் டொக்டர், வாசலைப் பார்க்காமல். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னை வீட்டை அனுப்பலாம். வலப்பக்கம் இருக்கிற பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு. இந்தப் படம் எடுத்து அடுத்த நாள் செத்துப்போனா."

வலப்பக்கப் படத்தை அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார். மச்சம் ஓரத்துக்கு நகர்ந்தது. கறுப்பு திரை முழுவதும் பரந்தது. அதற்குள் மெல்ல மெல்ல ஒரு வட்டம் தெரிந்தது.

"சிவப்பைத் தேடாதேங்கோ. இதில சிவப்பு இல்லை. ஓரத்தில தோல் உரிஞ்சு கிடக்கு, பாருங்கோ. சாம்பல் ஓடின ஊதா நிறம். நடுவில பொருக்கு. கண்ணுக்குப் பிடிபடாட்டி விரலுக்குப் பிடிபடும். நாடாவை அவிழ்க்கச் சொல்லிக் கேளுங்கோ. பொம்பிளைப் பிள்ளையெண்டா ஒரு தாதியைக் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கோ, கூச்சப்பட்டு விடாதேங்கோ. அது நாடாக் கறுப்பு எண்டு தாய்மார் சொல்லுவினம்." டொக்டர் கடைசி வரிசையைப் பார்த்தார். "அவை சொல்லுறது பொய் இல்லை. அங்க நாடாக் கறுப்பும் இருக்கு. அதுக்குள்ளதான் இதுவும் இருக்கு."

பதில் சொன்ன அந்தப் பெண்ணின் கை மெதுவாகத் தன் இடுப்புக்குப் போனது. பக்கத்தில் இருந்தவளின் கையும் போனது. தாங்கள் செய்வது அவர்களுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

டொக்டர் படத்தை மாற்றக் கையை நீட்டினார்.

பேச்சியம்மா எழும்பிக் கையை உயர்த்தினாள்.

டொக்டரின் கை அந்தரத்தில் நின்றது. "எடுக்கிறன் அம்மா," என்றார். "இப்பவே எடுக்கிறன்."

"எடுக்காதேங்கோ டொக்டர்." குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் திரும்பின. ஒவ்வொரு முகமாக விளங்கிக்கொண்டு வந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜனார்த்தனன் உள்ளே வந்து பக்கத்தில் நின்றான். அவளைப் பிடிக்கவில்லை, தோளோடு தோள் படும்படி நின்றான். சோதினைக்கு வருமோ என்று கேட்ட பொடியன் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாரும் கலைந்த பிறகு, வெளி விறாந்தையில் டொக்டர் கிட்ட வந்தார். பேச்சியம்மாவே தொடங்கினாள்.

"வைச்சிருங்கோ. இனி வாற பிள்ளையளுக்கும் காட்டுங்கோ. வருசா வருசம் காட்டுங்கோ."

"நன்றி அம்மா. பாடத்தில சேர்க்கேக்க ஓரத்தை வெட்டித்தான் போடுவம். அந்த மச்சம் தெரியிற மாதிரி விடக்கூடாது."

"ஏன்?"

"அதைக் கொண்டு ஆளை ஆரும் கண்டுபிடிக்கலாம் அம்மா. அப்பிடி ஒரு சட்டம் இருக்கு."

பேச்சியம்மா வெளியே பார்த்தாள். வேம்புக்குக் கீழே பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

"வெட்டாதேங்கோ," என்றாள். "அது தர்மிளா எண்டு என்னைத் தவிர இனி ஆருக்குத் தெரியும்?"